திரையில் காட்டும் எழுத்தும் வரியிடைவெளியும்

கூட்டுறவுச் சங்கத்திற்குப் பணமே முதல் என்பர் சிலர்; நம்பிக்கையே முதல் என்பர் வேறு சிலர். இவ்விரண்டையும் பிணைத்து நிறுத்துவது கணக்கு. அக்கணக்கை ஆண்டுக்கொரு முறையேனும் அங்கத்தினர் அனைவரும் கண்ணால் கண்டு, கருத்தால் ஆராய்ந்து, பின்னரே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் மகாசபை கூட்டப்படுகிறது. கணக்கைப் பார்க்காமல் கை தூக்குவது கூட்டுறவு ஆகாது.

நமது வட்டாரத்திற்குக் கூட்டுறவு புதிதன்று. ஆவடியிலிருந்து திருவள்ளூர் செல்லும் வழியிலுள்ள திரூரில் 1904ஆம் ஆண்டிலேயே கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. சென்னை மாகாணத்தின் முதல் கிராமக் கடன் சங்கம் என்னும் பெருமை அதற்கு உண்டு. அந்நாள் முதல் அறிக்கைகளை வாசித்தும், அச்சிட்டு வழங்கியும் வந்த சங்கங்களில் பல, இப்பொழுது கணினியில் எழுதிப் புரொஜெக்டர் வழியாகத் திரையில் காட்டத் தலைப்பட்டுள்ளன. இங்ஙனம் ஒவ்வொன்றாகத் திரையில் விழும் பக்கத்தை ‘ஸ்லைடு’ என்றும் ‘படவில்லை’ என்றும் வழங்குகிறோம். இது வரவேற்கத்தக்க மாறுதலே. ஆயின் திரையில் கணக்கு தெரிகிறது என்பது ஒன்று. அதைப் படிக்க முடிகிறது என்பது வேறொன்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது வரிக்கும் வரிக்கும் நடுவே விடப்படும் வெற்றிடம். அவ்விடைவெளியைப் பற்றியதே இப்பாடம்.

1. விரல் வைக்க இயலாத ஏடு

அச்சிட்ட அறிக்கையைக் கையில் வாங்கிய அங்கத்தினர் என்ன செய்கிறார் என்பதைக் கவனித்தால் ஓர் உண்மை விளங்கும். எழுத்து சிறிதாயிருந்தால் தாளைக் கண்ணருகே கொண்டு வருகிறார். வரிகள் நெருக்கமாயிருந்தால் விரலை வரியின்கீழ் வைத்து நகர்த்திப் படிக்கிறார். புரியவில்லையெனில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார். பக்கத்திலிருப்பவரைக் கேட்கிறார். வீட்டிற்கு எடுத்துச் சென்று பிள்ளைகளை வாசிக்கச் சொல்கிறார்.

திரையில் இவற்றுள் ஒன்றும் நடவாது. திரை இருக்குமிடம் ஒன்று, அங்கத்தினர் அமர்ந்திருக்குமிடம் ஒன்று. படிக்கும் வேகத்தை நிர்ணயிப்பவர் படிப்பவர் அல்லர், பொத்தானை அழுத்துபவரே. இரண்டு நிமிடத்தில் படவில்லை மாறிவிடும். விரலை வைத்துக்கொள்ளவும் வழியில்லை. ஆகையால், தாளில் விரல் செய்த வேலையைத் திரையில் வரியிடைவெளி செய்தாக வேண்டும். ஒரு வரியின் முடிவுக்குச் சென்ற கண், அடுத்த வரியின் தொடக்கத்திற்குத் தவறாமல் திரும்பி வர அதுவே வழிகாட்டி.

இடைவெளி போதாவிட்டால் விளைவது யாது? ஓர் உதாரணத்தால் விளக்குவோம். எண்கள் கணக்கிற்காக வைத்துக்கொண்டவை. ஒரு நெசவாளர் சங்கத்தின் படவில்லையில், ‘நூல் கொள்முதல் நிலுவை ரூ.1,84,000’ என்பது ஒரு வரி. அதை ஒட்டினாற்போல் அடுத்து, ‘நெசவுக் கூலி நிலுவை ரூ.1,48,000’ என்பது மற்றொரு வரி. பெயர் இடது ஓரத்திலும் தொகை வலது ஓரத்திலும் இருக்கின்றன. நடுவே ஏழெட்டு அங்குல வெறுமையைக் கடந்து செல்லும் கண், ஒரு வரி மேலேயோ கீழேயோ ஏறி இறங்கிவிடுவது மிகவும் எளிது. கடைசி வரிசையிலுள்ள நெசவாளர் தமக்குச் சேரவேண்டிய கூலி நிலுவையை 36,000 ரூபாய் மிகுதியாகவோ, நூல் பாக்கியை அவ்வளவு குறைவாகவோ புரிந்துகொள்வார். அதன்மீது அவர் எழுப்பும் கேள்வி தவறாகும், சிலர் நகைப்பர், அடுத்த ஆண்டு அவர் கேள்வி கேட்கவே துணியமாட்டார். கேள்வி கேட்காத மகாசபையில் எல்லாத் தீர்மானங்களும் ஏகமனதாகவே நிறைவேறும். அந்த ஏகமனதிற்கு மதிப்பு ஏது?

விவசாயிகளின் சங்கத்திலும் இதே நிலைதான். பயிர்க்கடனை உரிய நாளுக்குள் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டியில்லை என்பது தமிழ்நாட்டில் நடைமுறையிலுள்ள சலுகை. தவணை நாட்கள் பல நெருங்கிய வரிகளாகத் திரையில் அடுக்கப்பட்டிருக்க, நெல்லுக்கு உரிய நாளைக் கரும்புக்கு உரிய நாள் என்று ஒருவர் படித்துவிட்டால் சலுகை கை நழுவும். ஐம்பதினாயிரம் ரூபாய்க் கடனுக்கு ஆண்டுக்கு 7 சதவீதம் என்றால் வட்டி 3,500 ரூபாய். திரையில் அரை அங்குலம் மிச்சம் பிடித்ததற்கு ஓர் உழவர் கொடுக்கும் விலை அது.

2. தமிழ் எழுத்தின் மேலும் கீழும்

ஆங்கில எழுத்துக்கு ஏற்றதாக அமைந்த இடைவெளி தமிழுக்குப் போதாது. காரணம் தமிழ் எழுத்தின் அமைப்பிலேயே உள்ளது. மெய்யெழுத்துக்கு மேலே புள்ளி உண்டு. ‘கி’ என்னும் எழுத்தில் மேல்விலங்கு வளைகிறது. ‘கீ’ என்பதில் மேல்விலங்கோடு சுழியும் சேர்ந்து மேலே எழுகிறது. ‘சு’, ‘பு’, ‘மு’, ‘ரு’ ஆகியவற்றில் கீழ்விலங்கு வரிக்குக் கீழே இறங்குகிறது. ‘ழ’, ‘ற’, ‘ந’, ‘த’ போன்றவை குறியேதும் சேராமலே கீழே வால் நீட்டுகின்றன. ஆகவே தமிழ் வரி ஒவ்வொன்றும் மேல்மாடியும் நிலவறையும் உடைய வீடு போன்றது. இரண்டு வீடுகளுக்கும் நடுவே சந்து விடாவிட்டால், மேல் வரியின் நிலவறையும் கீழ் வரியின் மேல்மாடியும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

‘முழு’ என்னும் சொல் மேல் வரியிலும், ‘கீழ்’ என்னும் சொல் அதற்கு நேர் கீழேயும் வந்தால் என்ன நிகழுமென்று எழுதிப் பார்த்தால் தெரியும். ‘ழு’வின் கீழ்விலங்கு ‘கீ’யின் சுழியின்மேல் இடிக்கும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்குச் சுழி மறைந்து ‘கி’ என்றே தோன்றலாம்.

இதைச் சிறு பிழையென்று ஒதுக்கிவிட முடியாது. ‘நிதி’ என்பதற்கும் ‘நீதி’ என்பதற்கும் உள்ள வேற்றுமை மேலே உள்ள ஒரு சுழி மட்டுமே. ‘விடு’ என்பதும் ‘வீடு’ என்பதும் அத்தகையவை. ‘முடி’ என்பதும் ‘மூடி’ என்பதும் கீழே உள்ள சுழியால் வேறுபடுவன. ‘வீட்டுக் கடன்’ என்பதைத் தொலைவிலிருந்து பார்த்து எழுத்துக் கூட்டுபவர், புள்ளியையும் சுழியையும் காணாவிடில் ஊகத்தால்தான் படிக்க நேரும். ஊகத்தால் படிப்பவர் தமக்கு ஏற்கெனவே தெரிந்ததையே படிப்பார். புதிதாகச் சொல்லப்பட்டதைப் படிக்கமாட்டார். சங்கமோ புதியதைச் சொல்லவே அவரை அழைத்திருக்கிறது.

3. தாளின் சிக்கனம் திரைக்கு வேண்டா

இத்துணைத் தீங்கு இருந்தும் வரிகளை நெருக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? அது தாளின் காலத்து வழக்கம். இடம் விலையுள்ள பொருளாக இருந்தபோது எழுத்தை நெருக்கி எழுதியதில் நியாயம் இருந்தது. பனையோலை அகலம் குறைந்தது. எழுதியவர்கள் வரிகளை நெருக்கியே எழுதினர். புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென்று அதையும் பெரும்பாலும் விட்டுவிட்டனர். அவ்வோலைகளைப் படித்தவர்களோ அதற்கென்றே பயின்ற புலவர்கள். மெல்லப் படிக்க அவர்களுக்கு நேரமும் இருந்தது.

அச்சு வந்த பின்னும் இட நெருக்கடி தீரவில்லை. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 1713ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆதலால் சீகன்பால்கு முதலிய பாதிரிமார் அங்கேயே சிறிய எழுத்துகளை வார்க்க ஏற்பாடு செய்தனர். தாள் கடல் கடந்து வரவேண்டிய காலத்தில் அது தக்க யோசனையே.

அச்சுக்கோப்பவர்கள் வரிகளுக்கு இடையே இடைவெளி வேண்டுமானால் மெல்லிய ஈயத் தகடுகளைச் செருகினர். ஈயத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘லெட்’ என்னும் சொல்லிலிருந்தே வரியிடைவெளிக்கு ‘லெடிங்’ என்னும் பெயர் வந்தது. இன்றைய கணினி மென்பொருள் சிலவற்றிலும் அப்பெயர் நிலைத்திருக்கிறது. ஒவ்வொரு தகடும் இடத்தைப் பிடித்தது. இடம் தாளைப் பிடித்தது. தாள் பணத்தைப் பிடித்தது. எனவே தகட்டைக் குறைப்பது சிக்கனமாயிற்று.

படவில்லையின் நிலை இதற்கு நேர்மாறானது. ஒரு படவில்லையை இரண்டாக்கினால் தாள் செலவு இல்லை, மை செலவு இல்லை, கூலி இல்லை. ஒரு பொத்தானை மிகுதியாக அழுத்த வேண்டும், அவ்வளவே. அப்படியிருக்க, பதினாறு வரிகளை ஒரே படவில்லையில் திணிப்பவர் எதைச் சேமிக்கிறார்? ஒன்றையும் சேமிக்கவில்லை. அங்கத்தினரின் கவனத்தையே செலவழிக்கிறார். திரைக்குரிய சிக்கனம் சொற்களில் இருக்க வேண்டுமே தவிர இடைவெளியில் இருத்தல் கூடாது.

4. எவ்வளவு இடைவெளி வேண்டும்?

தறியில் அமர்ந்தவருக்கு இக்கேள்வி புதிதன்று. அங்குலத்திற்கு எத்தனை ஊடை என்பதைப் பொறுத்தே துணியின் குணம் அமைகிறது. ஊடையை அளவுக்கு மீறி நெருக்கி அடித்தால் துணி விறைத்துப் போகும். அளவுக்கு மீறி விட்டால் சல்லாத்துணியாகிவிடும். இன்ன துணிக்கு இன்ன அடர்த்தி என்று அறிந்து நெய்வதே தொழில் நுட்பம். எழுத்து வரிக்கும் அதுவே முறை.

எழுத்தின் அளவைப் ‘பாயிண்ட்’ அல்லது ‘புள்ளி’ என்னும் அலகால் குறிக்கின்றனர். மெய்யெழுத்தின்மேல் வைக்கும் புள்ளியோடு குழப்பம் நேராதிருக்க இங்கே பாயிண்ட் என்றே வழங்குவோம். ஓர் அங்குலத்திற்கு 72 பாயிண்ட். கணினியில் ‘ஒற்றை’ இடைவெளி என்று குறிக்கப்படுவது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறுபடும். எனினும் எழுத்தளவின் ஏறத்தாழ 1.2 மடங்கு எனக் கொள்ளலாம். அஃதாவது 32 பாயிண்ட் எழுத்தை ஒற்றை இடைவெளியில் வைத்தால், ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடி வரை சுமார் 38 பாயிண்ட்.

பார்வைக் குறைவு உடையவர்களும் படிக்கக்கூடியவாறு இணையப் பக்கங்கள் அமையவேண்டும் என்பதற்காக உலக வலைக் கூட்டமைப்பு 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியிட்ட நெறிகளில் ஒன்று, இங்கே நமக்கு உதவும். படிப்பவர் வரி உயரத்தை எழுத்தளவின் ஒன்றரை மடங்காகவும், பத்திகளின் நடுவிலுள்ள இடைவெளியை எழுத்தளவின் இரு மடங்காகவும் மாற்றிக்கொண்டாலும் பக்கத்திலுள்ள செய்தி சிதையக் கூடாது என்கிறது அந்நெறி. அது இணையப் பக்கத்துக்குரியதாயினும், ஒன்றரை மடங்கு என்னும் அளவு தமிழ்ப் படவில்லைக்கும் நன்கு பொருந்துகிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். எழுத்தளவின் ஒன்றரை மடங்கு வேண்டும் என்பதற்காகக் கணினியில் ‘1.5’ என்னும் குறியைத் தெரிந்தெடுத்தால் கிடைப்பது ஒன்றரை மடங்கு அன்று. கணினி, ஒற்றை இடைவெளியை 1.5 ஆல் பெருக்குகிறது. ஒற்றை இடைவெளியே 1.2 மடங்காதலால் பெருக்கல் தொகை 1.8 மடங்காகும். நமக்கு வேண்டிய ஒன்றரை மடங்கைப் பெறுவதற்கு 1.25 என்று குறித்தால் போதும். 1.2 முதல் 1.3 வரை எதுவாயினும் தமிழுக்கு நன்று. ‘இரட்டை’ இடைவெளியைத் தவிர்க்க வேண்டும். அதில் வரிகள் ஒன்றையொன்று பிரிந்து, ஒரே வாக்கியத்தின் இரண்டு வரிகள் இரண்டு தனிச் செய்திகள்போல் தோற்றமளிக்கும். சல்லாத்துணி என்றது இதையே.

இப்பொழுது ஒரு படவில்லையில் எத்தனை வரிகள் அடங்கும் என்று கணக்கிடலாம். அகலத் திரைக்கான படவில்லையின் உயரம் 7.5 அங்குலம், அஃதாவது 540 பாயிண்ட். தலைப்புக்கும் மேல் ஓரத்திற்கும் 120, கீழ் ஓரத்திற்கு 36 கழித்தால் எஞ்சுவது 384. எழுத்து 32 பாயிண்ட், வரி உயரம் அதன் ஒன்றரை மடங்கான 48 பாயிண்ட் என்றால், 384ஐ 48 ஆல் வகுக்க 8 வரிகள். இதுவே மேல்வரம்பு. 24 பாயிண்ட் எழுத்தை நெருக்கமாக அடுக்கினால் பதினான்கு வரிகள் நுழையும்தான்; ஆனால் நுழைந்தவை எல்லாம் படிக்கப்படுவன அல்ல.

5. கணினியில் செய்யும் முறை

சங்கங்களில் மிகுதியாகப் பயன்படுவது பவர்பாயிண்ட் என்னும் மென்பொருள். 1987ஆம் ஆண்டில் வெளிவந்த இது, அவ்வாண்டிலேயே மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கைக்கு வந்தது. இதில் ஒரு பொறி இருக்கிறது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் இதன் வழக்கமான வார்ப்புருவில் உடற்பகுதி எழுத்துக்கு வரியிடைவெளி 0.9 என்றே வைக்கப்பட்டுள்ளது. அஃதாவது ஒற்றையிலும் பத்து சதவீதம் குறைவு. மேலே உயராத, கீழே மிகுதியாக இறங்காத எழுத்துகளுக்கு அது தகும். நாம் ஒன்றும் செய்யாமலே விட்டுவிட்டால் தமிழ் வரிகள் நெருங்கி நிற்பதற்கு இதுவே காரணம்.

மாற்றும் முறை வருமாறு: எழுத்துப் பெட்டியின் ஓரத்தில் அழுத்தி முழுப்பெட்டியையும் தெரிந்தெடுக்கவும். ‘ஹோம்’ பட்டையில் ‘லைன் ஸ்பேசிங்’ பொத்தானை அழுத்தி, அதன் அடியிலுள்ள ‘லைன் ஸ்பேசிங் ஆப்ஷன்ஸ்’ என்பதைத் திறக்கவும். திறக்கும் பெட்டியில் ‘மல்டிபிள்’ என்பதைத் தெரிந்தெடுத்து, பக்கத்தில் 1.25 என்று எழுதவும். ‘எக்ஸாக்ட்லி’ என்பதைத் தவிர்ப்பது நலம். அது வரி உயரத்தைப் பாயிண்ட் கணக்கில் ஆணியடித்தாற்போல் நிறுத்திவிடும். பின்னர் எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரி உயரம் கூடாது. வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ் என்னும் இலவச மென்பொருளைப் பயன்படுத்துவோர், ‘ஃபார்மட்’ பட்டியலில் ‘பாராகிராப்’ என்பதைத் திறந்து, ‘லைன் ஸ்பேசிங்’ என்னுமிடத்தில் ‘புரொப்போர்ஷனல்’ என்பதைத் தெரிந்து 125 சதவீதம் என்று குறிக்கலாம். கூகிள் ஸ்லைட்ஸில் ‘ஃபார்மட்’ பட்டியலிலுள்ள வரி, பத்தி இடைவெளிப் பகுதியில் விருப்ப அளவாக 1.25ஐ எழுதலாம்.

இவற்றை ஒவ்வொரு படவில்லையிலும் தனித்தனியே செய்வது வீண் உழைப்பு. பாவு ஓடும்போதே கணக்கைச் சரியாக வைத்துக்கொண்டால் தறியில் ஏற்றிய பின் சரி செய்ய வேண்டியதில்லை அல்லவா? அதுபோல ‘ஸ்லைடு மாஸ்டர்’ என்னும் மூலப் படவில்லையில் ஒருமுறை மாற்றிவிட்டால், அதைத் தழுவிய எல்லாப் படவில்லைகளும் தாமே மாறும். பவர்பாயிண்டில் ‘வியூ’ பட்டையில் இது உள்ளது. அக்கோப்பைச் சங்கத்தின் வார்ப்புருவாகச் சேமித்து வைத்தால் ஆண்டுதோறும் பயன்படும்.

இன்னொரு பொறி, ‘ஆட்டோஃபிட்’ என்பது. பெட்டியில் எழுத்து மிகுந்து வழியத் தொடங்கியதும் மென்பொருள் தானாகவே எழுத்தைச் சிறிதாக்கும், வரியிடைவெளியையும் குறைக்கும். எழுதுபவர் இதை உணர்வதே இல்லை. எவ்வளவு எழுதினாலும் இடம் போதுகிறதென்று மகிழ்கிறார். எழுத்துப் பெட்டியின் அமைப்புகளில் ‘டூ நாட் ஆட்டோஃபிட்’ என்பதைத் தெரிந்தெடுத்து இதை நிறுத்திவிட வேண்டும். அதன்பின் எழுத்து பெட்டியைத் தாண்டி வழிந்தால், சொற்களைக் குறைக்க வேண்டும் அல்லது அடுத்த படவில்லைக்குச் செல்ல வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம்.

எழுத்துருவை மாற்றினால் இடைவெளியும் மாறும் என்பதை மறத்தலாகாது. லதா, நிர்மலா, விஜயா, நோட்டோ என்று பல எழுத்துருக்கள் உள்ளன. ஒரே 32 பாயிண்டில் விஜயா எழுத்து லதாவைவிடச் சிறிதாகவே தெரியும். அலுவலகக் கணினியிலுள்ள எழுத்துரு, கூட்ட மண்டபத்துக் கணினியில் இல்லாவிடில் வேறொன்று அதனிடத்தில் அமர்ந்து வரிகளையெல்லாம் குலைத்துவிடும். கூட்டத்திற்கு முன்பே அந்தக் கணினியில் திறந்து பார்ப்பது, அல்லது பி.டி.எஃப். கோப்பாக மாற்றிக் கொண்டுசெல்வது பாதுகாப்பு.

6. வரிசையும் பட்டமும்

வரியிடைவெளி ஒன்று; செய்திக்கும் செய்திக்கும் நடுவே விடும் இடைவெளி மற்றொன்று. இரண்டும் ஒரே அளவாயிருந்தால் எங்கே ஒரு செய்தி முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பது தெரியாது. நெல் நடவு செய்வோர் இதை எளிதில் உணர்வர். செம்மை நெல் சாகுபடியில் 25 செ.மீ.க்கு 25 செ.மீ. என்று வரிசையாக நடுகிறோம். புகையான் முதலிய பூச்சிகளைத் தடுக்க எட்டடிக்கு ஓரடி வீதம் பட்டமும் விடுகிறோம். பயிரினுள் காற்றும் வெளிச்சமும் புக வரிசை இடைவெளி உதவுகிறது. ஆள் இறங்கி மருந்து தெளிக்கவும் பயிரைப் பார்வையிடவும் பட்டம் உதவுகிறது. ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று செய்யாது.

படவில்லையிலும் ஒரு செய்தி இரண்டு வரி நீண்டால் அவ்விரு வரிகளும் நெருங்கியிருக்க வேண்டும். அடுத்த செய்திக்கு முன் பட்டம் விட வேண்டும். இதற்கென்றே அதே பெட்டியில் ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ என்று இரண்டு இடங்கள் உண்டு. ‘ஆஃப்டர்’ என்னுமிடத்தில் 16 பாயிண்ட் கொடுத்தால் போதும். முன் கணக்கைத் தொடர்ந்து பார்த்தால், நான்கு செய்திகள் மொத்தம் ஏழு வரிகளாக அமையும்போது, ஏழு வரிக்கு 336, நடுவிலுள்ள மூன்று பட்டங்களுக்கு 48, ஆக 384. படவில்லை சரியாக நிரம்பிவிட்டது. பட்டம் விடுவதற்காக ‘எண்டர்’ விசையை இருமுறை அழுத்தி வெற்று வரியை நுழைப்பது வழக்கமாகிவிட்டது. அது முறையன்று, ஒரு சொல் கூடினால் எல்லாம் இடம் மாறும்.

அட்டவணைக்குத் தனி விதி. அதில் வரியிடைவெளியைக் கூட்டுவதைவிட, ஒவ்வொரு கட்டத்தின் உயரத்தையும் கூட்டி, எழுத்தைக் கட்டத்தின் நடுவே நிறுத்துவதே சிறந்தது. பெயருக்கும் தொகைக்கும் நடுவிலுள்ள தூரத்தைக் குறைக்க வேண்டும். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசைக்கு மெல்லிய நிறம் தீட்டினால் கண் வழி தவறாது. மேலே சொன்ன கூலி நிலுவைக் குழப்பம் இவ்வளவில் தீர்ந்துவிடும்.

வரியை ஒடிக்கும் இடமும் முக்கியம். ‘ரூ.’ ஒரு வரியிலும் தொகை அடுத்த வரியிலும் விழலாகாது. ‘ஜனவரி’ மேலேயும் ‘31’ கீழேயும் நிற்கலாகாது. தேவையான இடத்தில் ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்திக்கொண்டு ‘எண்டர்’ விசையை அழுத்தினால், பட்டம் விழாமல் வரி மட்டும் ஒடியும்.

7. சோதனை

எழுதியவர் தமது மேசையிலிருந்தே பார்த்து நன்றாயிருக்கிறதென்று கொள்வது போதாது. திரையின் உயரத்தைப்போல் எத்தனை மடங்கு தூரத்தில் கடைசி வரிசை உள்ளது என்பதே அளவுகோல். திரை நான்கு அடி உயரம், கடைசி வரிசை 32 அடி தூரம் என்றால் எட்டு மடங்கு. அலுவலகக் கணினியில் படவில்லை ஏழு அங்குல உயரம் தெரிந்தால், எட்டு மடங்கு 56 அங்குலம். எனவே ஏறத்தாழ நாலே முக்கால் அடி தள்ளி நின்று படிக்க வேண்டும். அங்கிருந்து புள்ளியும் சுழியும் தெரியாவிடில் கூட்டத்திலும் தெரியமாட்டா.

நமது பகுதிக்கு இச்சோதனை மிகவும் தேவை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் முறைவேலை முடித்துத் தாமதமாக வந்து கடைசி வரிசையில் அமரும் அங்கத்தினர் உண்டு. பூவிருந்தவல்லிப் பக்கத்திலிருந்து அதிகாலையில் பூவும் கீரையும் சந்தைக்கு அனுப்பிவிட்டு அயர்வோடு வருவோர் உண்டு. கண்புரை தொடங்கிய முதியோர் உண்டு. பகல் வேளையில் கூட்டம் நடந்தால் சாளரத்து வெளிச்சம் திரையை வெளிறச் செய்யும். மெல்லிய புள்ளிகளே முதலில் மறையும். முன் வரிசையில் அமர்ந்த நிர்வாகிகளுக்குக் கணக்கு ஏற்கெனவே தெரியும். திரை அவர்களுக்காக அன்று, கடைசி வரிசைக்காகவே.

படவில்லை எவ்வளவு செம்மையாயினும் அச்சிட்ட அறிக்கைக்கு அது மாற்று ஆகாது. முழுக் கணக்கும் தாளில் அங்கத்தினர் கையில் இருக்கட்டும். அதில் விவாதிக்க வேண்டிய எட்டு வரிகள் திரையில் இருக்கட்டும். வாசிப்பவரும் திரையிலுள்ளதை நிதானமாக வாய்விட்டு வாசித்து, ஒவ்வொரு தொகைக்கும் சற்று நின்று மேலே செல்வாராக.

அங்கத்தினர்களுக்கும் இதில் கடமை உண்டு. திரை தெரியவில்லையென்றால் தமது கண்ணைக் குறை கூறிக்கொண்டு வாளாவிருத்தல் வேண்டா. ‘வரிகளைத் தள்ளிக் காட்டுங்கள்’ என்று எழுந்து கேட்பது அவருடைய உரிமை. கண்ணுக்கு எட்டாத கணக்கு, வேண்டுமென்றே மறைக்கப்படாவிடினும், மறைத்த கணக்கின் பலனையே தரும். நிதியைப் பற்றிய செய்தி எல்லோருக்கும் ஒரே அளவாகத் தெரியும்போதுதான் அது நீதியும் ஆகிறது.

பயிற்சி

1. உங்கள் சங்கத்தின் சென்ற ஆண்டுப் படவில்லைகளில் ஒன்றை எடுத்து வரிகளை எண்ணுக. எட்டுக்கு மேற்பட்டால் இரண்டாகப் பிரித்து எழுதுக.

2. ‘முழுக் கூலியும் வழங்கப்பட்டது’ என்பதை மேல் வரியாகவும், ‘கீழ்க்கண்ட நிதி மீதியுள்ளது’ என்பதை அடுத்த வரியாகவும் 32 பாயிண்டில் எழுதி, 0.9, 1.0, 1.25, 2.0 ஆகிய நான்கு இடைவெளிகளில் அமைத்துப் பார்க்க. எட்டு மடங்கு தூரத்திலிருந்து புள்ளிகள் அனைத்தையும் எண்ண முடிவது எந்த இடைவெளியில்?

3. எழுத்து 28 பாயிண்ட், எஞ்சிய உயரம் 384 பாயிண்ட், வரி உயரம் எழுத்தளவின் ஒன்றரை மடங்கு என்றால் எத்தனை முழு வரிகள் அடங்கும்? (விடை: 9)